வீட்டுக்கு எத்தனை மார்க்?

இங்கிலாந்தில் பிள்ளைகள் மட்டுமல்ல, வீடுகளும் பரீட்சை எழுதுகின்றன. நமக்காவது பத்தாவது, பன்னிரண்டாவது என்று இரண்டு கண்டம்தான். தாண்டிவிட்டால் மார்க் ஷீட்டைப் பீரோவில் போட்டுப் பூட்டிவிடலாம். வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விற்க வேண்டுமா, வாடகைக்கு விட வேண்டுமா, சர்ட்டிபிகேட் எங்கே என்பார்கள். ஒரு சர்ட்டிபிகேட் பத்து வருஷம் செல்லும். அதற்கப்புறம் விற்க வேண்டுமென்றால் மறுபடி ஹால் டிக்கெட்.

இதற்கு எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் சர்ட்டிபிகேட் என்று பேர். சுருக்கமாக ஈ.பி.சி. 2007-ல் ஆரம்பித்தது. ஏ முதல் ஜி வரை ஏழு கிரேடு. 92-ம் அதற்கு மேலும் வாங்கினால் ஏ. 69 முதல் 80 வரை சி. 39 முதல் 54 வரை ஈ. 20-ஐத் தாண்டாத வீடு ஜி, அதாவது கடைசி பெஞ்ச். நம்ம ஊர் ஃபிரிட்ஜில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்களே, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஸ்டிக்கர்தானே, போகட்டும்’ என்று விட முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2018 ஏப்ரலிலிருந்து, ‘ஈ’க்குக் கீழே மார்க் வாங்கிய வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது. 2020 ஏப்ரலிலிருந்து, ஏற்கெனவே ஆள் குடியிருக்கிற வீட்டுக்கும் அதே சட்டம். சில விலக்குகள் உண்டு. அது கிடைக்காத ஓனர், ‘ஈ’யைத் தொடாவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஆக, ஒற்றை எழுத்தில் ஒருத்தருடைய வாடகை வருமானம், இன்னொருத்தருடைய குளிர்காலம் இரண்டும் தொங்குகின்றன. அப்படிப்பட்ட எழுத்தை எப்படித்தான் போடுகிறார்கள்?

*

டேப், டார்ச், கையில் ஒரு டேப்லெட் சகிதம் ஒருத்தர் வருவார். அறைகளை அளப்பார். பரணில் ஏறி அங்கே விரித்திருக்கிற பஞ்சு மெத்தை எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பார். சுவரின் கனம், ஜன்னல் கண்ணாடி, பாய்லர் மாடல், பல்புகள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். சுவரில் ஓட்டை போட்டுப் பார்க்க மாட்டார். கரண்ட் பில்லைக் கேட்டு வாங்கி அதை வைத்து மார்க் போடவும் மாட்டார். ‘வீட்டில் எத்தனை பேர்?’ என்பதுகூட அவருக்கு வேண்டாம்.

ஏனென்றால் கணக்கில் குடியிருப்பது நீங்கள் இல்லை. ஒரு கற்பனைக் குடும்பம். மகா ஒழுங்கான குடும்பம். ஹாலில் 21 டிகிரி, மற்ற அறைகளில் 18 டிகிரி. வார நாட்களில் காலை 7 முதல் 9 வரை, சாயங்காலம் 4 முதல் 11 வரை ஹீட்டிங். 2012 பதிப்புக் கணக்கில் சனி, ஞாயிறு என்றால் காலை 7 முதல் ராத்திரி 11 வரை. கடிகாரம் வைத்துக் குளிர் காய்கிறவர்கள்.

இது கேலிக்குரிய விஷயமல்ல. இந்த வீட்டில் கஞ்சன் ஒருத்தர் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காலம் தள்ளலாம். அடுத்த வீட்டில் பனியனோடு உலாத்துகிறவர் இருக்கலாம். ஆளைப் பார்க்காமல் வீட்டை மட்டும் ஒப்பிட வேண்டுமென்றால், எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள்தான் கொடுக்க வேண்டும். அதுவரை நியாயம்.

கோளாறு வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது.

*

லீட்ஸ் நகரத்தில் 1895-ல் கட்டிய ஒரு செங்கல் வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்துச் சுவர். இரண்டு செங்கல் வரிசைக்கு நடுவே காற்று இடைவெளி விட்டுக் கட்டும் வழக்கம் பரவுவதற்கு முந்தியது. முழுக்கச் செங்கல். அந்த வீட்டுக்காரர் கடனோ உடனோ வாங்கி, சுவர்களுக்கு உள்பக்கமாக இன்சுலேஷன் பலகை வைத்து, அதன்மேல் பூச்சு பூசி, பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்துவிட்டார். பிறகு வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். இப்போது புது ஓனரிடம் மார்க் போடுகிறவர் வருகிறார்.

“உள்ளே இன்சுலேஷன் இருக்குங்க.”

“ரசீது இருக்கா சார்?”

“பழைய ஓனர் சொன்னாரே!”

“அவர் வேலை செய்ததற்கு ஏதாவது காகிதம்? போட்டோ?”

“சுவரைத் தொட்டுப் பாருங்க, சில்லுனே இருக்காது.”

தொட்டுப் பார்ப்பதற்கெல்லாம் மார்க் கிடையாது. கண்ணால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் காகிதம் வேண்டும். இரண்டும் இல்லை என்றால், வீடு கட்டிய காலம் என்ன சொல்கிறதோ அதுதான் வேதவாக்கு. 1900-க்கு முன், 1900 முதல் 1929 வரை, 1930 முதல் 1949 வரை என்று வரிசையாகக் காலக் கட்டங்கள் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து வீடு என்றால் இன்ன சுவர், இந்த அளவு கசியும் என்று அட்டவணை. சர்ட்டிபிகேட்டில் இப்படி ஏறும்: ‘முழுச் செங்கல் சுவர், கட்டியபடியே உள்ளது, இன்சுலேஷன் இல்லை’. அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சின்னதாக ஒரு வார்த்தை: ‘அனுமானம்’.

ஆயிரக்கணக்கில் பவுண்டு செலவழித்த சுவர், அடைப்புக்குறிக்குள் காணாமல் போய்விட்டது.

அந்த அட்டவணையாவது சரியாக இருந்ததா என்றால், அங்கேயும் ஒரு கதை இருக்கிறது. சுவர் எவ்வளவு கசிகிறது என்பதைச் சொல்ல ‘யு’ மதிப்பு என்று ஒன்று உண்டு. உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் சுவர் வழியாக எத்தனை வாட் சூடு ஓடுகிறது என்பதே அது. பழைய முழுச் செங்கல் சுவருக்கு இது 2.1 என்று ரொம்ப நாள் வைத்திருந்தார்கள். பிறகு நிஜமான வீடுகளுக்குப் போய், சுவரில் கருவியை ஒட்டி அளந்தார்கள். சுவர்கள் அவ்வளவு மோசமில்லை என்று தெரிந்தது. 2017 நவம்பரில் அட்டவணையில் 2.1-ஐ அடித்துவிட்டு 1.7 என்று எழுதினார்கள்.

பாயின்ட் நாலுதானே என்று நினைக்காதீர்கள். உள்ளே 20 டிகிரி, வெளியே ஜீரோ. வெளிச்சுவர் 100 சதுர மீட்டர். பழைய எண்ணில் சுவர் வழியே 4,200 வாட் ஓடுகிறது. புது எண்ணில் 3,400. வித்தியாசம் 800 வாட். ஒரு செங்கல்கூட அசையாமல், ஒரு ராத்திரியில் நாடு முழுக்கப் பழைய சுவர்கள் காகிதத்தில் குணமாகிவிட்டன. அதுவும் எல்லா வீட்டுக்கும் இல்லை. 2017 அக்டோபரில் சர்ட்டிபிகேட் வாங்கியவர் கையில் பழைய கணக்குதான். மறுபடி பரீட்சை எழுதினால்தான் மாறும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்னும் விசேஷம். கேஸில் சூடாக்கும் 1,374 வீடுகளின் மீட்டர் ரீடிங்கை எடுத்து, சர்ட்டிபிகேட் சொல்லும் கணக்கோடு ஒப்பிட்டார்கள். ஏ, பி வீடுகளில் பெரிய வித்தியாசமில்லை. சி வீடுகள் சர்ட்டிபிகேட் சொன்னதைவிட 8 சதவிகிதம் குறைவாகச் செலவழித்தன. எஃப், ஜி வீடுகளோ 48 சதவிகிதம் குறைவு. பணமில்லாமல் ஹீட்டரை அணைத்துவிட்டு நடுங்குகிறார்களோ என்று உங்களுக்குத் தோன்றும். அவர்களுக்கும் தோன்றியது. கற்பனைக் குடும்பம் மாதிரியே சூடாக்குகிற வீடுகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அப்போதும் இடைவெளி இருந்தது. கடைசி பெஞ்ச் பையன் நாம் நினைத்த அளவு மக்கு இல்லை.

*

சுவர் கதை இது. அடுத்தது ஹீட் பம்ப்.

ஹீட் பம்ப் என்பது தலைகீழாக வேலை செய்கிற ஃபிரிட்ஜ். உங்கள் ஃபிரிட்ஜின் முதுகுப்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே இருக்கிற தக்காளியிடமிருந்தும் தயிரிடமிருந்தும் பிடுங்கிய சூடு அது. ஹீட் பம்ப் வெளிக்காற்றிடமிருந்து பிடுங்கி வீட்டுக்குள் தள்ளுகிறது. வெளியே ஜீரோ டிகிரி, அதில் என்ன சூடு இருக்கப்போகிறது என்கிறீர்களா? இருக்கிறது. மைனஸ் 273 வரைக்கும் போனால்தான் முழுசாகத் தீரும்.

கரண்டை எரித்துச் சூடு பண்ணுவதில்லை, சூட்டைச் சுமந்து வரும் கூலியாகத்தான் கரண்ட் செலவாகிறது. அதனால் ஒரு யூனிட் கரண்டுக்கு இரண்டரை, மூன்று யூனிட் சூடு கிடைக்கிறது. பிரிட்டிஷ் அரசு பணம் கொடுத்து 742 வீடுகளில் ஹீட் பம்ப் மாட்டிச் சோதித்தது. காற்றிலிருந்து சூடெடுக்கும் பம்புகளில் கிடைத்த நடுத்தர அளவு ஏறத்தாழ 2.8. அந்தச் சோதனையில் பழசு, புதுசு, தனி வீடு, ஃபிளாட் எல்லாம் இருந்தன. ‘இந்தக் காலத்து வீட்டுக்கு இது சரிப்படாது’ என்று ஒதுக்கும்படி எந்த வகையும் சிக்கவில்லை.

சரி, கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் மாட்டினால் வீட்டுக்கு மார்க் ஏற வேண்டும் அல்லவா? பல வீடுகளில் ஏறவில்லை. சில வீடுகளில் இறங்கியது.

காரணம் எளிது. அந்தப் பெரிய எழுத்து, வீடு எத்தனை யூனிட் சாப்பிடுகிறது என்பதற்கு மார்க் போடுவதில்லை. எத்தனை ரூபாய், மன்னிக்கவும், எத்தனை பவுண்டுக்குச் சாப்பிடுகிறது என்பதற்குத்தான் போடுகிறது. 2012 பதிப்புக் கணக்குப் புத்தகத்தில் ஒரு யூனிட் கேஸ் 3.48 பென்ஸ், ஒரு யூனிட் கரண்ட் 13.19 பென்ஸ். நூற்றுக்குத் தொண்ணூறு திறமையுள்ள பாய்லரில் ஒரு யூனிட் சூட்டுக்கு 3.87 பென்ஸ் ஆகும். 2.8 திறமையுள்ள ஹீட் பம்பில் 4.71 பென்ஸ். மூன்றில் ஒரு பங்கு எனர்ஜியில் அதே வேலையைச் செய்த ஹீட் பம்ப், விலைவாசி பரீட்சையில் ஃபெயில்.

அதுவும் 2.8 என்று கணக்கில் ஏறினால்தான் இந்தத் தோல்வியாவது கௌரவமான தோல்வி. மார்க் போடுகிறவரிடம் மாடல்களின் பட்டியல் ஒன்று உண்டு. உங்கள் மாடல் அதில் இல்லை, அல்லது பம்பின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் மழையில் அழிந்துபோய் அடையாளம் தெரியவில்லை என்றால், ரொம்பக் கம்மியான ஒரு பொது எண்ணைப் போட்டுவிடுவார்கள். இங்கேயும் அதே சமாசாரம்தான். காகிதம் பேசாவிட்டால் அனுமானம் பேசும்.

*

சர்ட்டிபிகேட்டில் இன்னொரு மார்க்கும் உண்டு. கார்பன் டை ஆக்ஸைடு எவ்வளவு என்பதற்கு. அதிலாவது ஹீட் பம்ப் ஜெயித்திருக்க வேண்டும். ஜெயித்தது, நூலிழையில்.

அதே 2012 புத்தகத்தில் ஒரு யூனிட் கரண்டுக்கு 519 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு என்று எழுதியிருந்தார்கள். நிலக்கரி நிறைய எரித்த நாட்களின் கணக்கு. பிறகு பிரிட்டனில் காற்றாலைகள் பெருகின. நிலக்கரி நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடின. கடைசி நிலையமான ராட்கிளிஃப்-ஆன்-சோர் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றது. ஆனால் பழைய வீடுகளுக்கு மார்க் போடும் கணக்கில் 2025 ஜூன் பாதிவரை அந்த 519-தான் உட்கார்ந்திருந்தது. அடுப்பு அணைந்த பிறகும் புகைக்கு மார்க் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

புதுப் பதிப்பில் கரண்டுக்கு 136 கிராம். இப்போது கணக்கைப் பாருங்கள். பழைய புத்தகப்படி ஒரு யூனிட் சூட்டுக்குக் கேஸ் பாய்லர் 240 கிராம், ஹீட் பம்ப் 185 கிராம். புதுப் புத்தகப்படி பாய்லர் 233 கிராம், ஹீட் பம்ப் 49 கிராம். ஒரே பம்ப், ஒரே சுவர். நாலில் மூன்று பங்கு புகை, ஐந்தில் ஒரு பங்கு புகையாகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அரசாங்கம் 2023 அக்டோபரிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீட் பம்ப் மாட்டுகிறவர்களுக்கு 7,500 பவுண்டு உதவி தருகிறது. ஒரு கை பணத்தை நீட்டுகிறது, இன்னொரு கை மார்க்கைக் குறைக்கிறது. சர்ட்டிபிகேட்டின் பின்பக்கத்தில் ‘வீட்டை மேம்படுத்த யோசனைகள்’ என்று ஒரு பட்டியல் வரும். அதில் எத்தனையோ வீடுகளுக்குக் கிடைத்த யோசனை: ‘புது கேஸ் பாய்லர் மாட்டவும்’.

*

எழுத்து ஒன்று, அதனிடம் கேட்கிற கேள்வியோ மூன்று. பில் எவ்வளவு வரும் என்று வாடகைக்கு வருகிறவர் கேட்கிறார். சுவர் எவ்வளவு கசியும் என்று ஹீட் பம்ப் மாட்ட வருகிறவர் கேட்கிறார். புகை எவ்வளவு என்று அரசாங்கம் கேட்கிறது. கணக்கு, சயன்ஸ், டிராயிங் மூன்றையும் கூட்டி ஒரே மார்க் போட்டுவிட்டு, ‘பையன் டாக்டராவானா?’ என்று கேட்டால் யார்தான் பதில் சொல்ல முடியும்?

மார்க் முக்கியமானால் மார்க்குக்காகப் படிப்பதும் கூடவே வந்துவிடும், இது நமக்குப் புதுசில்லை. கசிகிற வீட்டின் கூரையில் சோலார் பலகை மாட்டினால் கரண்ட் செலவு குறையும், மார்க் கணிசமாக ஏறும். குளிர் மட்டும் அப்படியே உள்ளே வந்துபோகும். பழைய செங்கல் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடுகிற ஜாதி. அதற்குப் பொருந்தாத இன்சுலேஷனை ஒட்டி மூச்சை அடைத்தால், மார்க் கூடும். ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சைக்கு மைனஸ் மார்க் கிடையாது. அந்த அறையில் தூங்கி இருமுகிற குழந்தையின் பேர் எந்தக் கட்டத்திலும் ஏறாது.

அனுமானம் இன்னொரு விதத்திலும் கடிக்கும். உங்கள் சுவரை நிஜத்தைவிட மோசம் என்று நம்பி ஹீட் பம்ப் வாங்கினால், தேவைக்கு மேல் பெரிசாக வாங்குவீர்கள். விலை அதிகம். பெரிய பம்ப் சின்ன வேலைக்கு அடிக்கடி ஓடி, அடிக்கடி நின்று, திறமையையும் இழக்கும். ‘பழைய வீட்டில் ஹீட் பம்ப் வேலை செய்யாது என்று அப்பவே சொன்னேனே’ என்று பக்கத்து வீட்டுக்காரர் ஜெயித்துவிடுவார்.

அதற்காக இந்தச் சர்ட்டிபிகேட்டைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. கோணல் ஸ்கேல்தான். ஆனால் ஸ்கேலே இல்லாத காலத்தில் ஜன்னல் இடுக்கில் காற்று விசில் அடிக்கும் வீட்டுக்கும் நல்ல வீட்டுக்கும் ஒரே வாடகை வாங்கினார்கள். ஒரு டிசம்பர் மாதம் போன பிறகுதான் குடிவந்தவருக்கு விஷயம் தெரியும். ‘ஈ’ என்ற வாசற்படி வந்ததால்தான் பல ஓனர்கள் பரணில் பஞ்சு விரித்தார்கள்.

திருத்தமும் நடக்கிறது. 2025 ஜூன் 15 முதல் பழைய வீடுகளுக்குப் புதுக் கணக்கு. ஜன்னல்களை ஒவ்வொன்றாக அளக்கவேண்டும். 2024 டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட யோசனை, ஒற்றை எழுத்துக்குப் பதில் சுவர் தரம், ஹீட்டிங் முறை, செலவு, நேரம் பார்த்துக் கரண்டைப் பயன்படுத்தும் சாமர்த்தியம் என்று நாலு தனித்தனி மார்க் போடலாம் என்றது. அடியில் இருக்கும் கணக்கு இயந்திரத்தையும் மாற்றும் ஏற்பாடு உண்டு. பழையது மாதத்துக்கு ஒரு தடவை கணக்குப் பார்க்கிறது. புதியது அரை மணிக்கு ஒரு தடவை பார்க்கும். ராத்திரி மலிவுக் கரண்டில் ஓடும் பம்புக்கு அப்போதாவது விடிவு.

*

‘இதெல்லாம் நமக்கெதுக்கு சார்’ என்கிறீர்களா? உங்கள் ஆபீஸில் யாராவது ஒருத்தர் ரெடிங்குக்கோ மான்செஸ்டருக்கோ இரண்டு வருஷ ப்ராஜெக்ட் என்று பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். அவரிடம் சொல்லுங்கள்.

வீடு பார்க்கும்போது சர்ட்டிபிகேட்டைக் கேட்கவும். ஓனர் தேடிக்கொண்டே இருந்தால் கவலை வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸ் வீடுகளின் சர்ட்டிபிகேட் எல்லாம் அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது. போஸ்ட் கோடு தட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் பக்கத்து எழுத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். தேதியைப் பார்க்கவும். சுவர், கூரை, தரை என்று வரிசையாக எழுதியிருக்கும் இடத்துக்குப் போகவும். அடைப்புக்குறிக்குள் ‘அனுமானம்’ என்று இருந்தால், அது யாரும் கண்ணால் பார்க்காத சங்கதி. நேரில் ஒரு தடவை விசாரிக்கவும். ஹீட் பம்ப் உள்ள ‘டி’ வீடு கதகதப்பாக இருக்கலாம். சோலார் மாட்டிய ‘பி’ வீட்டில் போர்வை தேவைப்படலாம்.

அங்கேயே வீடு வாங்கி, ரிப்பேர் பண்ணி, செட்டிலாகிவிட்டவர் என்றால் அவருக்கு ஒரே ஒரு யோசனை. பூச்சு பூசுவதற்கு முன் இன்சுலேஷனைப் போட்டோ எடுத்து வைக்கவும். வேலை செய்தவரின் ரசீது, பம்பின் மாடல் நம்பர் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுப் பத்திரப்படுத்தவும். வீட்டை விற்றால் சாவியோடு அந்தக் கவரையும் கொடுக்கவும்.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள். வாய் இருப்பதாக யாரும் சொன்னதில்லை.